ஷாங்ஹாய் பார்த்த மாப்பிள்ளை

“போனை மூடி வை அண்ணி. தெஷான் அண்ணனுக்குத் தெரியாத ஷாங்ஹாயா அந்தப் போனுக்குத் தெரியப்போகுது?” என்றான் பக்கத்து வீட்டு ஃபெங், சூரியகாந்தி விதையைக் கொறித்துத் தொலியைத் துப்பியபடி.

ருயிலியன் மூடவில்லை. வினிகர் குப்பியில் சாய்த்து வைத்திருந்த போனில் மகள் ஷின்லுவின் முகம் தெரிந்தது. லான்சோவில் நர்ஸ் வேலை. செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு அப்பா அம்மா இரண்டு பேருக்கும் அவளே டிக்கெட் போட்டிருந்தாள். நான்கு நாள் ஷாங்ஹாய்.

“அம்மாவுக்குத்தான் முதல் தடவை. அப்பா கையை விட்டுறாதம்மா” என்றாள்.

தெஷான் சிரித்து வைத்தார். சுவரில் சாட்சியாக ஒரு பழைய போட்டோ தொங்கியது. இருபத்துநான்கு வயது தெஷான், தொளதொளத்த கோட்டில் விறைப்பாக நின்றார். முதுகுக்குப் பின்னால் ஆறு, ஆற்றின் மேல் பாலம், அக்கரையில் பந்துகளைக் கோத்து நிறுத்திய கோபுரம். அவர்கள் ஊரான லோங்ஷியில் அந்தக் கோபுரத்தை நேரில் பார்த்த ஆள் அன்றைக்கு அவர் ஒருவர்தான்.

அந்தப் படத்தைக் காட்டித்தான் தரகு அத்தை தியன்ஷுய் வரை போய்ப் பெண் கேட்டாள். பெண் வீட்டில் கடைகளுக்குப் பெயர்ப்பலகையும் படமும் எழுதிப் பிழைத்தார்கள். ருயிலியன் மாப்பிள்ளையை விட்டுவிட்டுப் படத்தையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, சரியென்று தலையாட்டினாள். ஆயிற்று, இருபத்தேழு வருஷம்.

“முதல் நாள் ஆத்தங்கரை. சாயங்காலம் அந்தக் கரைக்குப் போய்க் கோபுரம்” என்று மகள் வாசித்தாள். “எப்படிப் போறதுன்னு நீயே அம்மாவுக்குச் சொல்லுப்பா.”

ஷாங்ஹாய் மண்ணில் தெஷான் கால் வைத்ததே இல்லை. ஒரு வாரமாக உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து தெருப்பெயர்களை உருப்போட்டிருந்தார். கேட்ட நேரத்தில் ஒன்றும் வரவில்லை. கண் தானாகச் சுவருக்குப் போனது.

“இதென்ன பிரமாதம்? பாலத்துல பொடிநடையா நடந்தா பத்தே நிமிஷம்.”

“அப்பா, அந்த இடத்துல பாலமே கிடையாதேப்பா. படகுல போகணும். இல்லேன்னா ஆத்துக்கு அடியில ஓடுற ரயிலு.”

“பாலம் இல்லையா?” ஃபெங் எழுந்து படத்துக்குக் கிட்டே போனான். “இந்தா, அண்ணன் காதுக்குப் பின்னாலயே ஆரம்பிச்சு அந்தாண்ட வரைக்கும் போகுதே! ஏண்ணே, நீங்க போனது ஷாங்ஹாய்தானா, இல்ல வழியில எவனாவது இதான் ஷாங்ஹாய்னு இறக்கி விட்டுட்டானா?”

தெஷான் முகத்தில் ரத்தமெல்லாம் வந்து நின்றது. ஃபெங்குக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் தெருவுக்கே தெரியும். அதுகூடப் போகட்டும். ருயிலியன் பக்கம் திரும்பத்தான் தைரியம் வரவில்லை.

“அது பழைய பாலம். இடிச்சுத் தள்ளியிருப்பாங்க” என்றாள் ருயிலியன், வெடுக்கென்று. “ஃபெங், உன் ஆடு எங்க முட்டைக்கோசுல நிக்குது. அதைப் போய்ப் பாரு, பாலத்தை அப்புறம் பாக்கலாம்.”

ஃபெங் ஓடினான்.

“ஆனா அம்மா...”

“உனக்கு டூட்டிக்கு நேரமாகலையாடி?” போனைக் கவிழ்த்து வைத்தாள்.

சந்தையில் ஒரு வெங்காயம் கூடுதலாக விழுந்தால்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டு வருகிறவள். அவளையும் பொய் சொல்ல வைத்தாயிற்று. தெஷானுக்கு அந்த மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது.

“டிக்கெட்டைத் திருப்பிடச் சொல்லு” என்றார், மேஜையைப் பார்த்தபடி.

“ஏன்?”

“நான் ஷாங்ஹாய்க்குப் போனதே இல்ல.” குரல் அவருக்கே கேட்கவில்லை. “வேலை தேடிப் போறேன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுக் கிளம்பினேன். தியன்ஷுய் வரைக்கும்தான் போக முடிஞ்சுது. ரயில்ல கால் வைக்க இடமில்ல. ரெண்டு நாள் அங்கயே சுத்தினேன். திரும்பி வர வெக்கமா இருந்துச்சு. ஸ்டேஷனுக்கு எதிர்ல ஒரு போட்டோ ஸ்டூடியோ...”

ருயிலியன் வினிகர் குப்பியை ஓரமாக நகர்த்தி வைத்தாள்.

“பின்னால தொங்கினது துணி. ஆறும் துணி, கோபுரமும் துணி. கோட்டுகூட ஸ்டூடியோக்காரனோடது. தரகு அத்தை ஷாங்ஹாய்னு சொன்னப்போ நான் வாயைத் திறக்கல. அப்புறம் திறக்கவே முடியல.”

மூச்சை இழுத்துக்கொண்டு கேட்டார்: “அந்தப் படத்தைப் பாத்துத்தானே நீ சரின்னு சொன்ன?”

“ஆமா. படத்தைப் பாத்துத்தான்.”

தெஷானின் தலை இன்னும் தாழ்ந்தது. நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எழுந்து போகிறாள், போகட்டும் என்று நினைத்தார்.

அவள் சுவர் வரைக்கும்தான் போனாள். இடுப்பில் கட்டியிருந்த சமையல் துணியின் நுனியால் படத்தின் கண்ணாடியைத் துடைத்தாள். திரும்பவில்லை. பின்கழுத்தும் காதுகளும் மிளகாய்ப்பழமாகச் சிவந்திருந்தன.

“ஷின்லு அப்பா, நீ எதுக்குத் தலையைத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்க?” என்றாள். “அந்த ஸ்டூடியோ துணியில பாலத்தை வரஞ்சதே நான்தான்.”