சரித்திரம் பிசகாமல்

இந்தோனேசியாவின் ஜோக்ஜா நகரில் படப்பிடிப்பு. மறைந்த ஓவியர் சுவந்தோ, தன் புகழ்பெற்ற ஓவியத்தைக் கோபத்தில் எரித்த காட்சியை எடுக்கப்போகிறார்கள். சரித்திரம் பிசகக் கூடாது என்று ஓவியரின் மனைவி ருமியாத்தியை அழைத்து வந்திருந்தார் இயக்குநர் பகாஸ்.

"பக்கத்து ஊர் சோலோக்காரங்க கைலியை எதுக்கு நடிகருக்குக் கட்டிவிட்டீங்க? என் வீட்டுக்காரர் பார்த்தா குழியிலேருந்து எழுந்து வந்து அடிப்பார்!"

கைலி மாறியது.

"ஓவியத்துல இருக்கிற பொண்ணுக்குப் பச்சைச் சட்டை. நீங்க வரைஞ்சு வெச்சிருக்கிறதுல சிவப்பு பூசியிருக்கீங்க."

பகாஸ் சிரித்தார். "அசல் எரிஞ்சு நாற்பது வருஷம் ஆச்சும்மா. கறுப்பு வெள்ளை போட்டோ ஒண்ணுதான் மிச்சம். உங்களுக்கு மறந்திருக்கும்."

"இன்னிக்குக் காலையிலகூடப் பார்த்தேனே!"

"எங்கே?"

"என் படுக்கையறைச் சுவர்ல. எரிக்கிறேன், எரிக்கிறேன்னு ஒரு மாசமா மிரட்டினார். நானும் வரையறவதானே? ஒரு நகல் வரைஞ்சு அந்த இடத்துல வெச்சுட்டு, அசலை ஒளிச்சுட்டேன். சாகிற வரைக்கும் அவருக்குத் தெரியாது. அதுக்கப்புறம்தான் சுவர்ல மாட்டினேன்."

பகாஸ் தலையில் கை வைத்துக்கொண்டார். "அப்ப இந்தக் காட்சியே பொய்யா?"

"ஏன் பொய்? நீங்க எரிக்கப்போறது என்ன, அசலா?"

"இல்லம்மா, நகல்."

"அவர் எரிச்சதும் அதைத்தான். சட்டையை மட்டும் பச்சையாக்கிட்டுக் கொளுத்துங்க, தம்பி!"