துரைக்கு ஊசி

"களிம்பெல்லாம் வேணாம் டாக்டர், துரைக்கு ஊசியே போட்டுடுங்க!" என்றார் ஆண்டியப்பன்.

துரை என்பது அவர் வளர்க்கும் சேவல். தேயிலைத் தோட்டத்து மேனேஜரைப் போல லைன் வீடுகளின் முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நடப்பதால் அந்தப் பெயர். இப்போது பாதம் வீங்கி, சீழ் பிடித்து, ஒற்றைக் காலில் பரிதாபமாக நின்றது.

தானா ராத்தா நகரிலிருந்து வந்திருந்த கால்நடை டாக்டர் ரூபினி காலைத் திருப்பிப் பார்த்தார்.

"களிம்புலயே ஆறிடும் அண்ணே. பத்து நாள் ஆகும், அவ்ளோதான். ஊசின்னா அஞ்சு நாள், ஆனா தெனமும் குத்தணும். அதுக்கு வலிக்கும்லா."

"வலிச்சா வலிக்கட்டும். துரை பொழைக்கணும், எனக்கு அதான் வேணும். வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள நடக்கணும்னு குமுதாவும் சொல்லிட்டா."

பெண்டாட்டி பேச்சை இவ்வளவு கேட்கும் மனிதரா என்று ரூபினிக்குச் சிரிப்பு வந்தது. நெஞ்சுச் சதையில் ஊசி ஏறியது. துரை கத்தியதைவிட ஆண்டியப்பன் கத்தியதுதான் அதிகம்.

தினமும் தேயிலைக்கு மருந்தடிக்கும் வேலை முடிந்ததும், முதுகுப் பம்பைக்கூட இறக்காமல் ஓடி வந்து சேவலைப் பிடித்துக்கொள்வார். வீக்கம் வற்றியது. சனிக்கிழமை கடைசி ஊசி போட்டபோது, துரை பழைய மிடுக்கோடு நடந்தது.

அன்றைக்குத்தான் ஆண்டியப்பனின் மனைவி குமுதா வீட்டில் இருந்தாள்.

"நல்லா இருக்கணும் டாக்டர் நீங்க! நாளைக்கு முனியாண்டி பூசை. மகளுக்கு யூனிவர்சிட்டி கெடைச்சதுக்கு நேந்துவிட்ட சேவல் இது. நொண்டிச் சேவலை எப்படிச் சாமிக்கு வெட்டுறது? லைன் முழுக்கச் சமைச்சுப் போடணுமே. நீங்களும் சாப்பிட வந்துடுங்க."

ரூபினி திடுக்கிட்டார்.

"வெட்டப் போறீங்களா? ஐயோ, செல்லமா வளர்க்கிறதுன்னு நெனச்சுச் சொல்லாம விட்டுட்டேன். ஊசி மருந்து உடம்புல தங்கும். ஒரு மாசத்துக்கு இந்தக் கறியை யாரும் சாப்பிடக் கூடாதுக்கா!"

"அடக் கடவுளே!" குமுதா தலையில் கை வைத்தாள். அடுத்த நிமிடமே வேறு சேவல் வாங்க ரிங்லெட் சந்தைக்குக் கிளம்பிவிட்டாள்.

ரூபினிக்குச் சங்கடமாகப் போய்விட்டது. "மன்னிச்சுக்குங்க அண்ணே. மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க ஊசி கேட்டிருக்க மாட்டீங்க."

ஆண்டியப்பன் துரையை மார்போடு அணைத்துக்கொண்டு, மனைவி போன பாதையை ஒரு தரம் எட்டிப் பார்த்தார்.

"மருந்தடிச்ச மலையில ரெண்டு வாரத்துக்குக் கொழுந்து எடுக்க விடமாட்டோம் டாக்டர். கோழிக்கும் அப்படி ஏதாச்சும் இருக்கும்னு நெனச்சுத்தானே ஊசியே கேட்டேன்!"