மில் டீமுக்கு ஒரு ஆள்

"எம்மவனுக்கு இன்னாய்யா கொறச்சல்? எங்க அந்த பாயி?"

அபிஷேகப்பாக்கத்தில் பஸ் ஏறும்போது ஆரம்பித்த கத்தல், வில்லியனூரில் கலீலுல்லா வீட்டு வாசலுக்கு வந்தும் இருசப்பனுக்கு ஓயவில்லை.

கலீலுல்லாவின் மனைவி ஆமினா பீவி எட்டிப் பார்த்தாள். "தொழுதுக்கினு இருக்காரு. கொஞ்சம் பொறுங்கண்ணே."

உள்ளே கலீலுல்லா நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுதுகொண்டிருந்தார்.

சாமிகிட்டகூட குனிய மாட்டாரோ? இருசப்பனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மில் புட்பால் டீமில் பேக் ஆடிய திமிர். கோல் பக்கம் ஒருத்தனையும் விட்டதில்லையாம். இப்போது ஆள் எடுக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு, ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் குறுக்கே காலை நீட்டுகிறார்.

நேற்று செலக்‌ஷனில் மகன் வேணுவைத் தாண்டி ஒரு பயலும் பந்தைக் கொண்டுபோகவில்லை. மேனேஜரே கை தட்டினார். எடுத்திருந்தால் மில்லில் மாதச் சம்பளம். பந்து ஆடுவதுதான் வேலை. கலீலுல்லா ஒரே வார்த்தையில் கெடுத்துவிட்டார். "இவன் வேணாம் சார்."

தொழுகை முடிந்தது.

"வா இருசப்பா."

"வந்துட்டேன். நீ பந்து ஆடித்தான பாய் இந்த வூட்டக் கட்டின? எம்மவன் ஆடக்கூடாதா? பொறாமையா?"

"நல்லா ஆடறான்பா. அதான் வேணாம்னேன்."

"இது எந்த ஊர் நியாயம்?"

கலீலுல்லா எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. ஆமினா பீவி ஓடிவந்து அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள். கைலியைச் சுருட்டிக் காட்டினார். இரண்டு முட்டியும் பனங்காய் மாதிரி வீங்கிக் கிடந்தன.

"மேட்சுக்கு முன்னால ஊசி போடுவாங்க. வலி தெரியாது, எறங்கி மோதுவேன். அடுத்த மேட்சுக்கு அடுத்த ஊசி. சுமாரா ஆடறவன வூட்டுக்கு அனுப்பிடுவாங்கப்பா. நல்லா ஆடறவனுக்குத்தான் ஊசி."

கலீலுல்லா மெல்ல நாற்காலியில் திரும்ப உட்கார்ந்தார்.

"நாப்பது வயசுல, நெத்தியத் தரையில வச்சித் தொழ முடியல எனக்கு. உம் புள்ளைக்கும் இந்தக் கதி வேணுமா?"

"தப்பாப் பேசிட்டேன் பாய். மனசுல வச்சிக்காத."

"வுடு. மோர் குடிச்சிட்டுப் போ."

இருசப்பன் போகவில்லை. அந்த முட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எத்தினி வருசம் தாங்கிச்சி பாய்?"

"பத்து வருசம்."

இருசப்பன் முகத்தில் தெளிவு வந்தது.

"கரும்பு வெட்டப் போயி ஆறே வருசத்துல எனக்கு இடுப்பு போச்சி. நாளைக்கு அவனும் அங்கதான் போவணும். பத்து வருசம் தாங்குமா? புண்ணியமாப் போவும்... அவனச் சேத்துக்க பாய்!"