கறுத்து வரும் நுரை

நெய்வேலி ஆய்வுக்கூடத்தின் கண்ணாடித் தொட்டியில் காலை வெயில் விழுகிறது. மாதக்கணக்கில் வெயிலும் மழையும் பட்டுக் கெட்டுப்போன மட்டமான நிலக்கரித் தூள் உள்ளே தண்ணீரோடு சுழல்கிறது. மண் அடியில் தங்க, கரி மட்டும் குமிழில் ஒட்டி மேலே வரவேண்டும். நாற்பது முறை டீசல் கலந்தும் அது ஒட்டவில்லை. இன்றோடு சோதனையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். ஷாஜியா கடைசி முயற்சியாக, கேன்டீனில் வடை சுட்டு மீந்த எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காற்றுக் குழாயைத் திறக்கிறாள். வெள்ளை நுரை பொங்குகிறது. மெல்லச் சாம்பல் நிறமாகிறது. பிறகு கண்மையாகக் கறுத்து, மினுமினுத்து, விளிம்பைத் தாண்டி அவள் விரல்மேல் வழிகிறது. “டெய்சிக்கா, ஓடியாங்க! கரி மேல வந்துகினு இருக்குது!” பக்கத்து மேஜையிலிருந்து ஓடி வந்து டெய்சி நீட்டிய தட்டு நொடியில் நிறைகிறது. “இன்னொரு தட்டு எடுங்கக்கா, இது நிக்காது போலருக்குது!”