சத்தம் பத்தல

பள்ளி அறிவியல் கண்காட்சிக்காக, சத்தத்தை அளக்கும் கருவி ஒன்றை சுபிக்ஷாவும் அம்மாவும் வீட்டிலேயே செய்தார்கள். கைதட்டினால் பச்சை பல்பு எரிந்தது. தட்டைக் கீழே போட்டால் மஞ்சள். சிவப்பு மட்டும் எரியவே இல்லை.

"ஒயர் விட்டுப்போச்சாடி?"

"இல்லம்மா. சத்தம் பத்தல."

அப்பா உள்ளே வந்தார். "சோறு எங்கடி? ஆத்தாளும் மகளும் ராக்கெட்டு விடுறீங்களோ?"

குக்கர் மூடியை எடுத்து அம்மாவின் தலையில் அடித்தார். மஞ்சள் எரிந்தது. பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதென்று, அம்மா வழக்கம்போல முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அவர் மறுபடி அடித்தார். மறுபடியும் மஞ்சள்தான்.

சுபிக்ஷா கருவியை அம்மாவின் முகத்தருகே நீட்டினாள்.

"சிவப்பு எரியணும்மா. கத்தும்மா."

ரத்தம் ஊறிய முந்தானையை அம்மா வாயிலிருந்து உருவினாள்.