பலம் ஒன்னு, பேச்சு பத்து

"இவனெல்லாம் ஒரு வீரனா? பலம் ஒன்னு, பேச்சு பத்து. வெறும் வாய வச்சிப் பொழைக்கிற பய. இவன மாதிரி ஒருத்தன எங்க தோட்டத்து லயத்து வீட்டுப் பக்கமே சேக்க மாட்டோம்."

இப்படி எழுதி வாட்ஸ்அப் குரூப்புல போட்டுட்டு, எத்தன பேரு சிரிக்கிறாங்கன்னு போனையே பாத்துக்கிட்டு இருந்தான் குமரன். ஒருத்தனும் சிரிக்கல.

ருவான்வெல்லை பஜாருல நுஹ்மான் நானாவோட கம்யூனிகேஷன் கடை. போட்டோ கொப்பி மெசினுக்குப் பின்னால ஒரு கம்ப்யூட்டர். அதுல ராஜா காலத்துக் கத மாதிரி ஒரு கேம். சுத்துப்பட்டுத் தோட்டத்து ஆளுக ஏழு பேரு, ஆளுக்கொரு ஸ்லொட்டுல அவனவன் ஆட்டத்த சேவ் பண்ணி வச்சி வெளையாடுறானுக. அந்த ஏழு பேருதான் குரூப்பு.

ஆட்டம் தொடங்கையிலேயே கொஞ்சம் புள்ளி குடுத்துருவாங்க. நம்ம வீரனுக்குப் பலம், வேகம், மந்திரம், பேச்சுன்னு நாமளே பிரிச்சிப் போட்டுக்கணும். குமரன் அள்ளிப் பலத்துல கொட்டிட்டான். நெசத்துல அவன் ரப்பர் பால் வாளியத் தூக்கினாலே தோள்பட்ட எறங்கிப் போற ஆளு.

ஆனா அவன் வாய்க்கு ஈடே கெடையாது. கேம்ல யாராவது பேச ஆரம்பிச்சா, இங்கிலீசுன்னு எல்லாரும் பட்டனத் தட்டித் தாண்டிப் போயிருவானுக. குமரனுந்தான். அப்பறம் என்னா எழுதியிருந்துச்சின்னே பாக்காம, வசனத்த அவனே கட்டிவிட்டு குரூப்புல வொய்ஸ் போடுவான். சூனியக்காரிக்குத் தோட்டத்துக் கணக்கப்புள்ள கொரலு. பூதத்துக்கு கேகாலை பஸ் கண்டக்டர் கொரலு, அதுவும் சிங்களத்துல. குரூப்பே குலுங்கும். ரெண்டு வருசமா அவன்தான் அங்க ராஜா.

அப்பறம் கேதீசன் வந்தான்.

யாழ்ப்பாணத்துலேருந்து தோட்டத்து ஆபீசுக்குக் கிளாக்கரா வந்து, அந்த ஏழு பேருல ஒருத்தனாச் சேந்தவன். நாலு வார்த்த பேச நாலு நாளு எடுத்துக்குவான். குமரன் கடையில வித்த காட்டுனா, மூலையில நின்னு சத்தமில்லாம சிரிச்சிட்டுப் போயிருவான். ஆனா எழுதுனான்னா எல்லாரும் தேநீரக் கூட ஆறவிட்டு வாசிச்சானுக.

"வசனத்தைத் தாண்டாதேங்கோ. ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. கதையே அதுக்குள்ளதான் இருக்கு"ன்னு எழுதுவான்.

அவன் வீரனுக்குப் பலத்துல ஒன்னு, பேச்சுல பத்துன்னு புள்ளி போட்டிருந்தானாம். அந்த வீரன் மூணு மாசமா வாளயே உருவலயாம். காவக்காரன் கொரல்லயே பேசிக் கோட்டக் கதவத் தொறக்க வச்சானாம். கொள்ளக்காரனுகளச் சிரிக்க வச்சே தப்பிச்சானாம். கடைசியா இப்படி முடிச்சிருந்தான்:

"எனக்கு இந்தக் கேமில ஆகப் பிடிச்ச ஆள் இவன்தான். இப்பிடி ஒருத்தன் பக்கத்தில இருந்தால், தெரியாத ஊரும் சொந்த ஊர் மாதிரி இருக்கும்."

அதுக்கு வரிசையா ஹார்ட்டு. எலக்கிரி, எலக்கிரின்னு பாராட்டு. அதுக்குக் கீழதான் குமரன் அந்தப் 'பய' கதைய எழுதுனான்.

பதிலு ஒன்னும் வராததால, மறுநாளு கடையில கேதீசன் மாதிரியே கழுத்தச் சாச்சி நின்னு, "ஓமோம், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ"ன்னு பேசிக் காட்டுனான். நுஹ்மான் நானா வயித்தப் புடிச்சிக்கிட்டு சிரிச்சாரு. சிரிச்சி முடிச்சிட்டு, "ஆனா அவர் எழுதினது சரி தானே மகன்"னாரு.

அது போதாதா? குமரனுக்குப் பச்ச மொளகாயக் கடிச்ச மாதிரி எரிஞ்சிச்சி.

எரியிறதுல இன்னும் எண்ணெய ஊத்துன மாதிரி வந்துச்சி பௌர்ணமிப் போயா லீவு. அன்னிக்கிக் கடையில இருக்கிற பெரிய டீவில, ஒருத்தர் கடைசிக் கட்டத்த வெளையாடிக் கதையும் சொல்லணும், மத்தவங்க பாக்கணும்னு முடிவு பண்ணாங்க. யாருன்னு பேரு போடாம சீட்டெழுதி ஓட்டுப் போட்டாங்க.

கேதீசனுக்கு அஞ்சு. குமரனுக்கு ரெண்டு. ஒன்னு குமரனே போட்டது. இன்னொன்னு யாரு போட்டதுன்னு அவனுக்கு இன்னும் வெளங்கல.

ஒருத்தன் கேதீசன்கிட்ட, அந்த வீரனுக்கு என்னா பேரு வச்சிருக்கீங்கன்னு கேட்டான். போயாவுக்கு டீவில பாருங்கோன்னு பதிலு வந்துச்சி.

"வேற என்னா, தன் பேரத்தான் வச்சிருப்பான்"னு மொணகுனான் குமரன். "எவன்டா அடுத்தவன் பேர வைப்பான்?"

போயாவுக்கு மொத நாளு வெள்ளிக்கெழம. மத்தியானம் நுஹ்மான் நானா தொப்பியப் போட்டுக்கிட்டு, "ஜும்மாவுக்குப் போய்ட்டு வாறேன், கடையப் பாத்துக்க மகன்"னு சொல்லிட்டுப் பள்ளிவாசலுக்குப் போயிட்டாரு.

கடையில குமரன் மட்டுந்தான்.

கம்ப்யூட்டருக்கு முன்னால ஒக்காந்தான். ஸ்லொட்டு வரிசையில நம்பரத் தவிர ஒன்னும் தெரியாது. ஆறு, கேதீசனோடது. மூணு மாசத்து ஆட்டம். இது போயிட்டா, நாளைக்கு டீவி முன்னால அந்த ஆளுக்குக் காட்ட ஒன்னுமில்ல. அடுத்து ஓட்டு வாங்குனவன் குமரன்.

தைரியத்துக்கு, "ஓமோம், ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ"ன்னு கேதீசன் கொரல்லயே தனக்குத்தானே சொல்லிக்கிட்டு, அழிக்கிற பட்டன அமுக்குனான்.

ஒடனே அழியல. தெரையில சின்னதா ஒரு பொட்டி வந்துச்சி. அதுல இங்கிலீசுல ரெண்டு வரி.

எப்பவும் வாசிக்காமத் தட்டிவிட்டுப் போறவன்தான். இன்னிக்கி, தப்பாத் தட்டித் தன் ஆட்டமே போயிருமோன்னு நின்னுட்டான். எழுத்துக் கூட்டி வாசிச்சான்.

"குமரன். பலம் ஒன்னு, பேச்சு பத்து.

இவன அழிச்சிட்டா திரும்ப வர மாட்டான். நெசமாவே அழிக்கவா?"