மூன்று மாடியும் ஓடி ஏறுவன்

"லண்டனிலை இருபது வருசம் வெள்ளையளோடை இங்கிலிசிலை சண்டை பிடிச்ச மனுசன்! இப்ப இங்கிலிசு தெரியாது எண்டு மொழிபெயர்க்க ஆள் கூட்டிக்கொண்டு வாறியள். வெக்கமாயில்லையோ?"

கம்பெனி டொக்டரின் அறை வாசலில் இருந்தபடி பாலாம்பிகை கணவனிடம் குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். அம்பலவாணன் காது கேளாதவர்போல டையைச் சரிசெய்தார். மொழிபெயர்க்க வந்த இம்மாகுலேற் எதிர்க் கதிரையில் இருந்தாள்.

நெஞ்சுவலியால் அவர் வேலையை விட்டு ஒரு வருசம். கம்பெனி கொடுத்த மருத்துவ இன்சூரன்ஸ் இந்த மாதத்தோடு சரி. இனி வேலை செய்ய ஏலாத உடம்பு என்று கம்பெனி டொக்டர் எழுதிக்கொடுத்தால், மனைவிக்கும் சேர்த்து இன்னொரு வருசம் நீட்டுவார்கள். பாலாம்பிகையின் முழங்கால் ஒப்பரேசன் அடுத்த மாதம். இன்சூரன்ஸ் போனால் அரசாங்க ஆஸ்பத்திரி வரிசையில் இரண்டு வருசம் நொண்டவேண்டியதுதான்.

உள்ளே டொக்டர் கேட்கக் கேட்க, இம்மாகுலேற் தமிழில் கேட்டாள்.

"படி ஏற ஏலுமோ, அங்கிள்?"

"ஏன் ஏலாது? மூண்டு மாடியும் ஓடி ஏறுவன்."

பாலாம்பிகை சட்டென்று அவர் பக்கம் திரும்பினாள். நேற்றுக் குளித்துவிட்டு வந்தே மூச்சு வாங்கிய மனுசன்!

"பாரம் தூக்குவியளோ?"

"அரிசி மூட்டையை ஒரு கையாலை!"

ஐயோ, என்ர தலையிலை மண்ணை அள்ளிப் போடுறாரே! மேசைக்குக் கீழே காலால் இடித்தாள். மனுசன் இன்னும் நெஞ்சை நிமிர்த்தினார்.

இம்மாகுலேற் முகம் மாறாமல் இங்கிலிசில் நீளமாகச் சொல்லிக்கொண்டே போனாள். இங்கிலிசு தெரியாத பாலாம்பிகைக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. டொக்டர் அவர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிறகு கையெழுத்துப் போட்டார்.

வெளியே அம்பலவாணன் கோட்டை எடுக்கப் போன நேரம், பாலாம்பிகை இம்மாகுலேற்றின் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கிவிட்டது.

"எல்லாம் போச்சு, என்ன பிள்ளை?"

"இல்லை அன்ரி, ஒரு வருசம் நீட்டியாச்சு."

"அப்ப... அவர் சொன்னதை நீர் சொல்லேல்லையோ?"

"குளிச்சால் மூச்சு வாங்கிறது, படியிலை குந்தியிருக்கிறது... நேற்று போனிலை அவரே சொன்னதெல்லாம்தான் சொன்னனான்."

"அவருக்கு இங்கிலிசு விளங்குமே!"

"விளங்கித்தான் பேசாமல் இருந்தவர். 'ஏலாது எண்ட சொல் எனக்கு எந்தப் பாஷையிலும் வராது பிள்ளை. ஆனால் அவள் நடக்கவேணும். நான் என்னத்தைச் சொன்னாலும், நீர் உள்ளதைச் சொல்லும்' எண்டு கெஞ்சினவர், அன்ரி."